பூங்காவைப் புதுப்பிக்கும் முன் குளத்துக்குள் ஒரு கம்பை விட்டுப் பாருங்கள்

எங்கள் குடியிருப்பை ஒட்டி ஒரு பூங்கா. அதில் மூன்று குளங்கள், ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு வழியும்படி யாரோ எப்போதோ யோசித்துத்தான் வெட்டியிருக்கிறார்கள். அப்புறம் பல வருடங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் பச்சையாகிப் பிறகு கறுப்பாகி, பெஞ்சுகள் உடைந்து, புதர் மண்டி, மாலை ஆனால் ஆட்கள் சுற்றிப் போக ஆரம்பித்துவிட்டார்கள். சீரமைக்கலாம் என்று முடிவானபோது குடியிருப்போர் தரப்பில் குழுவில் இருந்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் பணத்திலும் நேரத்திலும் பெரும்பங்கு போனது திறப்பு விழாப் புகைப்படத்தில் தெரியாத வேலைகளுக்குத்தான். அப்படிப் போனதுதான் சரி என்பது என் கட்சி.

ஏனென்றால் பூங்கா என்று சொன்ன உடனே எல்லோருக்கும் ஒரு பட்டியல் வந்துவிடும். நீரூற்று, வண்ண விளக்கு, உடற்பயிற்சிக் கருவிகள், நடுவில் ஒரு பெரிய சிலை, ஊர்ப்பெயரை இதயக் குறியோடு ஆளுயர எழுத்தில் வைத்து அதன் முன் நின்று படம் எடுக்க ஓர் இடம். (இந்தக் கடைசி விஷயம் எல்லா ஊர்க் கூட்டத்திலும் யாராவது ஒருவர் எழுந்து கேட்பார், நான் பந்தயம் கட்டத் தயார்.) இவை எதுவும் தப்பில்லை, ஆனால் நாறுகிற குளத்துக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் அங்கே யாரும் உட்காரப் போவதில்லை. குளம் உள்ள பூங்காவில் முதல் வேலை தண்ணீர். வரைபடம் அதற்கு அப்புறம்.

நாங்கள் தொடங்கியது ஒரு நீளக் கம்பில் அளவு குறித்து, படகில் போய் அங்கங்கே குளத்துக்குள் விட்டுப் பார்த்ததில். கம்பு முதலில் மெத்தென்று எதிலோ படும், அது வண்டலின் மேல்மட்டம். இன்னும் அழுத்தினால் கெட்டியாக நிற்கும், அது பழைய அடித்தளம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் வாரப்போகும் சேறு. இதைக் கட்டம் கட்டமாக ஒரு தாளில் குறித்தால் எவ்வளவு சேறு இருக்கிறது என்று ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம், ஒப்பந்தக்காரர் சொல்லும் கணக்கோடு ஒப்பிடவும் கையில் ஒன்று இருக்கும். எங்கள் முதல் குளத்தில் தண்ணீரைவிடச் சேறு அதிகம். ஆழமான குளம் என்று குழந்தைகளைப் பயமுறுத்திக்கொண்டிருந்தோம், தண்ணீர் முழங்கால் அளவுதான், அதற்குக் கீழே ஆளை இழுக்கும் சேறு. ஆபத்து என்னவோ ஆழமான தண்ணீரைவிட இதில்தான் அதிகம்.

உடனே தூர் வாரலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அங்கே ஒரு கேள்வி பாக்கி இருந்தது. சேறு எங்கிருந்து வந்தது? அதற்குப் பதில் சொன்னது எந்த நிபுணரும் இல்லை, அங்கே சருகு அள்ளிக்கொண்டிருந்த தொழிலாளி. "மழையே இல்லாதப்பவும் அந்தக் குழாயில தண்ணி வருது சார்" என்றார். இந்த ஒரு வரி எங்கள் திட்டத்தையே மாற்றியது. மழைநீர் மட்டும் வரவேண்டிய குழாயில், மழை விட்டுப் பல நாள் ஆன பிறகும் தண்ணீர் ஓடினால் அது நிலத்தடி ஊற்றாக இருக்கலாம், உடைந்த குடிநீர்க் குழாயாக இருக்கலாம், பெரும்பாலும் யாரோ தங்கள் கழிவுநீரைத் தப்பான குழாயில் இணைத்திருப்பார்கள். கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் அம்மோனியா பரிசோதனைப் பெட்டி போதும், அளவு எகிறினால் சாக்கடை என்று சந்தேகப்படலாம். குழாய் வாயில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஏதாவது படிந்திருந்தாலும் அதே அர்த்தம். அப்புறம் உரிய அனுமதியோடு ஃப்ளூரசீன் என்ற பச்சைச் சாயத்தைக் கட்டடம் கட்டடமாகக் கழிவறையில் ஊற்றி, எந்தக் கட்டடத்தின் சாயம் குளத்துக்கு வருகிறது என்று பார்ப்பார்கள். எங்களுக்கு வந்தது. எந்தக் கட்டடம் என்பது இங்கே தேவையில்லை. அந்த இணைப்பை மாற்றும்வரை ஒரு கூடைச் சேறுகூட அள்ளக்கூடாது என்று நின்றதில் பல மாதங்கள் போயின, எங்களைத் திட்டாத ஆள் இல்லை. ஆனால் சாக்கடை வருவதை நிறுத்தாமல் வாரினால் சில வருடத்தில் பழையபடி சேறு நிற்கும், இரண்டாவது தடவை பணம் தர யாரும் வரமாட்டார்கள்.

வாரும்போது கவனிக்க வேண்டியவை. சாலைத் தண்ணீர் வரும் குளத்தின் சேற்றில் ஈயம், துத்தநாகம், எண்ணெய் எல்லாம் இருக்கும், பரிசோதிக்காமல் பூச்செடிப் பாத்தியில் கொட்டாதீர்கள். ஈரச்சேறு பெரும்பகுதி தண்ணீர்தான், அதைக் கரையில் பரப்பிக் காயவிட இடம் வேண்டும், அந்த இடத்தை முன்பே குறித்து வைக்காவிட்டால் லாரிக்காரர் தண்ணீரைச் சுமந்துபோகக் கூலி வாங்குவார். பழைய குளங்களில் அடியில் களிமண் பூச்சு இருக்கும், பொக்லைன் ஆர்வக்கோளாறில் அதைக் கிழித்துவிட்டால் அதன்பின் குளத்தில் தண்ணீர் நிற்காது. அதனால்தான் முதலில் கம்பால் அளந்த தாள் முக்கியம்: இந்த மட்டத்துக்குக் கீழே போகாதே என்று எழுத்தில் கொடுக்கலாம். மூன்றையும் ஒரே நேரத்தில் வற்ற விடாமல் ஒவ்வொன்றாக, மேலே இருப்பதிலிருந்து தொடங்கினோம், மீன்களையும் ஆமைகளையும் பக்கத்துக் குளத்துக்கு மாற்ற முடிந்தது. பறவைகள் கூடு கட்டும் காலத்தில் வேலையே வைக்கவில்லை.

முதல் குளத்தின் வாயில் ஒரு சிறு வண்டல் குழியை வெட்டி, கல் வரப்பால் பிரித்தோம். வரும் தண்ணீர் அங்கே வேகம் குறைந்து மண்ணையும் பிளாஸ்டிக்கையும் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகும். பெரிய குளத்தை வாருவது தலைமுறைக்கு ஒரு தடவை வேலை, இந்தக் குழியை வருடா வருடம் வாரிவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை, இயந்திரம் அதன் ஓரம்வரை வர வழி வேண்டும். வரைபடத்தில் அந்த வழியை அழகான பூம்பாத்தி என்று போட்டிருந்தார்கள். அதை எடுக்கச் சொன்னபோது வடிவமைப்பாளர் முகம் வாடியது, பாவம்.

பச்சைத் தண்ணீர் பற்றி. பாசிக்குத் தீனி பாஸ்பரஸும் நைட்ரஜனும். சாக்கடை நின்றாலும் புல்தரைக்குப் போடும் உரம், நாய்க்கழிவு, குளத்தில் விழுந்து அழுகும் சருகு, வாத்துக்கும் மீனுக்கும் ஆட்கள் மூட்டையாகப் போடும் ரொட்டி, எல்லாம் அதே வேலையைச் செய்யும். பகலில் பாசி ஆக்சிஜன் விடும், இரவில் அதுவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், அதனால் விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. பகல் பதினோரு மணிக்கு வந்து அளந்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொடுப்பவரை நம்ப வேண்டாம், விடியற்காலையில் அளக்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பெரும்பாலான மீன்களுக்குக் கவலை இல்லை, 2க்குக் கீழே போனால் செத்து மிதக்கத் தொடங்கும். புழுக்கமான இரவுக்கு மறுநாள் காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதுதான் எச்சரிக்கை.

நீரூற்று விஷயத்துக்கு இங்கேதான் பதில் கிடைத்தது. பார்க்க அழகு, ஆனால் பெரும்பாலும் மேல்தண்ணீரைத்தான் கலக்கும். அடியில் குழாய் போட்டு நுண்ணிய குமிழாகக் காற்று விட்டால் கீழ்த்தண்ணீர் மேலே வரும், மின்சாரமும் குறைவாகப் பிடிக்கும். மேற்பரப்பில் லேசாகக் கொப்பளிப்பது மட்டும்தான் தெரியும், படம் எடுக்க ஒன்றும் இருக்காது. அதையே தேர்ந்தெடுத்தோம். ஆகாயத்தாமரை தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி ஒருவர் கூடையோடு வந்தார். அது சத்தை உறிஞ்சும் என்பது உண்மை, ஆனால் வாகான இடத்தில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும் செடியைத் தினமும் அள்ள யார் இருக்கிறார்கள்? நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினோம்.

குளம் என்றாலே கொசு என்ற பயம் நியாயமானது, அதைக் கிண்டல் செய்யக்கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது பெரும்பாலும் சின்னச் சின்னத் தேக்கங்களில்: டயர், பூந்தொட்டித் தட்டு, மூடாத தொட்டி. அசுத்தமான தேங்குநீர் கியூலெக்ஸ் என்ற இன்னொரு வகைக் கொசுவுக்குப் பிடிக்கும். மீனும் தும்பியின் இளம்புழுவும் உள்ள, காற்றில் அலையும் திறந்த குளத்தில் கொசுப்புழு பிழைப்பது கஷ்டம். ஓரத்தில் குப்பை சேர்ந்து அசையாமல் நிற்கும் மூலைகள்தான் பிரச்சினை, கரை வளைவைத் திருத்தும்போது அந்த மூலைகளை எடுத்துவிட்டோம். கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீனை விடச் சொன்னவர்களிடம் வேண்டாம் என்றோம். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அது இருக்கிறது, தவளை முட்டையையும் உள்ளூர் மீன் குஞ்சையும் சேர்த்தே தின்னும். கொசு பற்றி வாயால் விளக்கியதைவிட, பூங்காவின் வடிகால் தொட்டி ஒன்றைத் திறந்து அதில் நெளிந்த புழுக்களையும் குளத்திலிருந்து ஒரு குவளைத் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துக் காட்டியதுதான் வேலை செய்தது.

கரை எங்கள் குழுவை இரண்டாகப் பிரித்தது. சுற்றிலும் செங்குத்தான கான்கிரீட் சுவர், மேலே கம்பிவேலி: ஒரு தரப்பு இதைத்தான் பாதுகாப்பு என்றது. செங்குத்துச் சுவரில் விழுந்த குழந்தை பிடித்து ஏற வழியில்லை, வாத்துக்குஞ்சும் தவளையும்கூட ஏற முடியாது. நாங்கள் கரையைச் சரிவாக்கினோம், மூன்றடி நகர்ந்தால் ஓரடிக்கு மேல் ஆழம் கூடாதபடி. ஓரத்தில் 15 முதல் 30 செ.மீ. ஆழத்தில் ஓர் அகலப் படி விட்டு அதில் கோரையும் நாணலும் நட்டோம். செடி அடர்ந்ததும் அதுவே வேலி, யாரும் அதைத் தாண்டித் தண்ணீருக்குப் போவதில்லை. தண்ணீரைத் தொட்டுப் பார்க்க இரண்டு இடத்தில் மட்டும் கல்பாவிய திறப்பு, அங்கே வாத்துக்குத் தீனி போடவும் அனுமதி, வேறெங்கும் இல்லை. முழுக்கத் தடை போட்ட பூங்காக்களில் பலகைக்குக் கீழேயே நின்று ரொட்டி போடுகிறார்கள், பார்த்திருக்கிறேன். சம்புப் புல்லில் மட்டும் ஜாக்கிரதை, ஆழமில்லாத இடத்தை முழுக்கப் பிடித்துக்கொள்ளும்.

இந்த விவாதத்தில் எங்களுக்குக் கைகொடுத்த உதாரணம் சிங்கப்பூரின் பீஷான்–ஆங் மோ கியோ பூங்கா. அங்கே 2.7 கி.மீ. நீளக் கான்கிரீட் வாய்க்காலை உடைத்து 3.2 கி.மீ. வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். பெருமழையில் தண்ணீர் புல்தரைக்குள் பரவும், எச்சரிக்கை விளக்கும் ஒலிப்பானும் வைத்திருக்கிறார்கள், மற்ற நாளில் குழந்தைகள் ஓரத்தில் விளையாடுவார்கள். அந்த அளவுப் பணம் எங்களிடம் கனவிலும் இல்லை. ஆனால் கான்கிரீட் இல்லாமலும் கரை நிற்கும் என்று காட்ட ஒரு படம் போதுமாக இருந்தது.

இனி மனிதர்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வருபவர்கள் கூட்டத்துக்கு வர நேரம் உள்ளவர்கள். அதை மட்டும் நம்பினால் ஓய்வுபெற்ற ஆண்களுக்கான பூங்காதான் கிடைக்கும். நாங்கள் முறை வைத்து விடியற்காலை, நடுப்பகல், பள்ளி விடும் நேரம், இருட்டிய பின் என்று போய் உட்கார்ந்து யார் வருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எங்கே வேகமாகக் கடக்கிறார்கள் என்று குறித்தோம். வராதவர்களையும் தேடிப்போய்க் கேட்டோம். கேள்வியை "என்ன வேண்டும்" என்று கேட்டால் பட்டியல்தான் வரும், "கடைசியாக எப்போது வந்தீர்கள், ஏன் கிளம்பினீர்கள்" என்று கேட்டால் உண்மை வரும். எங்களுக்கு வந்த உண்மை: கழிவறை இல்லை. வயதானவர்கள், பெண்கள், சின்னக் குழந்தையோடு வருபவர்கள் எல்லோரும் கிளம்புவது அதனால்தான். யாரும் எந்தக் கூட்டத்திலும் எழுந்து அதைச் சொல்லவில்லை.

விருப்பங்களைச் சுருக்க ஒரு வழி கண்டுபிடித்தோம். ஆளுக்குப் பத்து சட்டைப் பொத்தான். ஒவ்வொரு வசதிக்கும் முன்னால் ஒரு டப்பா, அதன் மேல் எத்தனை பொத்தான் என்ற விலை. அந்த விலையில் கட்டும் செலவோடு வருடப் பராமரிப்பும் சேர்த்தி. நீரூற்றுக்கு ஏழு பொத்தான், நிழலில் பெஞ்சுக்கு ஒன்று, கழிவறைக்கு ஐந்து. நீரூற்று நீரூற்று என்று சத்தம் போட்டவர்களே கையில் பொத்தானை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள். டப்பாக்களைத் திறந்தபோது கழிவறை ஜெயித்திருந்தது.

பெண் குழந்தைகள் விஷயத்தை வியன்னாவிலிருந்து எடுத்துக்கொண்டோம். ஒன்பது வயதுக்கு மேல் பெண் குழந்தைகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைகிறது என்று 1990களில் அங்கே நடந்த ஆய்வில் தெரிந்தது. பெரிய திறந்தவெளியைப் பையன்கள் பிடித்துக்கொள்கிறார்கள், போட்டி போட்டு இடம் பிடிக்க இவர்கள் நிற்பதில்லை. 1999இல் இரண்டு பூங்காக்களில் திறந்தவெளியைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, பாதைகளைக் கூட்டி, கைப்பந்தும் பூப்பந்தும் ஆட இடம் விட்டார்கள், பெண் குழந்தைகள் திரும்ப வந்தார்கள். நாங்களும் மைதானத்தை மரவரிசையால் பிரித்தோம். பையன்கள் கொஞ்ச நாள் கோபமாக இருந்தார்கள், இப்போது ஒரு பக்கம் அவர்களுடையது, மறுபக்கம் யார் முதலில் வருகிறார்களோ அவர்களுடையது. இது முழுசாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

பெஞ்ச் வாங்கும்போது ஒரு பாட்டி சொன்னது நினைவில் நிற்கிறது. "உட்காரத்தான் இடம் குடுக்கிறீங்க தம்பி, எழுந்திரிக்க எதைப் பிடிக்கிறது?" கைப்பிடியும் முதுகுச் சாய்வும் இல்லாத பெஞ்ச் வயதானவர்களுக்கு உதவாது. உட்காரும் உயரம் 45 செ.மீ. சுற்றுவட்டம், காலையில் நிழல் விழும் இடத்தில் சில, மாலையில் நிழல் விழும் இடத்தில் சில. நியூயார்க்கின் பிரையன்ட் பூங்காவில் வில்லியம் ஒயிட் என்ற ஆய்வாளர் சொன்னபடி, பார்வையை மறைத்த வேலியையும் புதரையும் எடுத்து, வாசல்களை அகலமாக்கி, நகர்த்தக்கூடிய நாற்காலிகள் போட்டு 1992இல் திறந்தார்கள், ஆட்கள் பயந்த இடம் கூட்டமுள்ள இடமானது. நாற்காலி யோசனையை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை, இரவில் காவலுக்கு ஆள் இல்லை. புதர் யோசனையை அப்படியே எடுத்தோம். பாதையோரச் செடி ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடாது, மரக்கிளை இரண்டு மீட்டருக்குக் கீழே தொங்கக்கூடாது, நடுவில் பார்வைக்கு ஒரு ஜன்னல் திறக்கும். எந்த இடத்துக்கும் உள்ளே போக ஒன்று, வெளியே வர வேறொன்று என இரண்டு வழி. இது விளக்குகளைவிட அதிகம் பலன் தந்தது. விளக்கை ஆட்கள் கடந்துபோகும் பிரதான பாதைக்கு மட்டும், கீழ்நோக்கி, மஞ்சள் கலந்த ஒளியில் போட்டோம். குளத்தின் மேல் வெளிச்சம் வேண்டாம், பூச்சிக்கும் வௌவாலுக்கும் இருட்டு வேண்டும்.

பாதை போடும் முன் ஆட்கள் ஏற்கெனவே எங்கே நடந்து புல் தேய்ந்திருக்கிறது என்று பார்த்து அதன் மேலேயே போட்டோம், வேறு எங்கே போட்டாலும் குறுக்கே நடக்கத்தான் போகிறார்கள். சக்கர நாற்காலியும் பக்கத்தில் ஓர் ஆளும் போக இரண்டு மீட்டர் அகலம் தேவை. ஏற்றம் 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்றால் சுகம். மரத்துக்குப் பக்கத்தில் மட்டும் தோண்டவே கூடாது, மரத்தின் வேரில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஏறத்தாழ 60 செ.மீ.க்குள்தான் இருக்கிறது. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் ஒரு பெரிய மரத்தைச் சுற்றி அடிமரம்வரை கான்கிரீட் போடக் கலவையோடு நின்றுகொண்டிருந்தார்கள், நல்லவேளை நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் போன் செய்தார். அதன்பின் வேலை நடக்கும் எல்லா நாளும் எங்களில் யாராவது ஒருவர் அங்கே இருந்தோம்.

பணி ஒப்பந்தத்தில் நட்ட செடிகளுக்கு இரண்டு வருடத் தண்ணீரும் பராமரிப்பும் சேர்த்தே எழுத வைத்தோம், செத்தால் மாற்றித்தர வேண்டும் என்பதோடு. அப்புறம் ஒரே பக்கத்தில் ஒரு தாள்: மழை நின்றதும் தண்ணீர் வரும் வாயில் உள்ள கம்பியில் சிக்கிய குப்பையை எடுப்பது யார், வண்டல் குழியை வாருவது எந்த மாதம், காற்றுக் குழாயின் மோட்டார் நின்றால் யாருக்குச் சொல்வது, சாவி யாரிடம். பெயரில்லை, பதவி மட்டும், ஏனென்றால் ஆட்கள் மாறுவார்கள். இதற்குக் கையெழுத்து வாங்கத்தான் தூர் வாருவதைவிடக் கஷ்டப்பட்டோம். நாணல் வெட்டுவதும் அந்தத் தாளில் இருக்கிறது: வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு மட்டும், வெட்டியதை இரண்டு நாள் தண்ணீர் ஓரத்திலேயே குவித்து வைத்தால் அதில் இருக்கும் பூச்சியும் நத்தையும் குளத்துக்கே திரும்பிப்போகும், அப்புறம் தூரமாக அள்ளிக்கொண்டு போய்விட வேண்டும், அங்கேயே அழுகவிட்டால் அதிலுள்ள சத்தெல்லாம் மறுபடி தண்ணீருக்குள்தான் போகும்.